ஒரே கூரையின்கீழ் பல கொள்கைகள்

பிரிட்டனின் இரு பெரும் கட்சிகளில் எதற்குமே ஒற்றைக் கொள்கை இருந்ததில்லை. தொழிற்கட்சிக்குள் மார்க்சியத்தை ஒட்டி நிற்பவரும் உண்டு, சந்தைப் பொருளாதாரத்தை மனமார ஏற்றவரும் உண்டு. கன்சர்வேட்டிவ் கட்சியில் செல்வரையும் ஏழையரையும் ஒரே தேசமாகப் பார்க்கச் சொன்ன டிஸ்ரேலியின் மரபும், அரசின் கையைக் குறுக்கச் சொன்ன தாட்சரின் மரபும் அருகருகே வாழ்கின்றன. மற்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் கூடிப் பேசி அமைக்கும் கூட்டணி, பிரிட்டனில் தேர்தலுக்கு முன்பே கட்சிக்குள் அமைந்துவிடுகிறது.

இந்த மரபின் நன்மையை மறுக்க முடியாது. 1945இல் தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் அமைச்சரவையில் நடந்த ஒரு சண்டையே சான்று. மருத்துவமனைகளை முழுவதும் தேசியமயமாக்க வேண்டும் என்றார் சுகாதார அமைச்சரும் இடதுசாரியுமான அனூரின் பெவன். லண்டன் நகராட்சி நிர்வாகத்தில் வளர்ந்த ஹெர்பர்ட் மாரிசனோ, அவை உள்ளாட்சிகளிடமே இருக்கட்டும் என்று வாதாடினார். இருவருமே சோஷலிசத்தின் பெயரால்தான் பேசினார்கள். அட்லி பெவன் பக்கம் நின்றார். பெவனும் பின்னர் மூத்த மருத்துவர்களுக்காக, கட்டணப் படுக்கைகளை அரசு மருத்துவமனைகளில் அனுமதித்து இறங்கிவந்தார். 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை பிறந்தது. எதிர்வாதத்தைத் தன் கட்சிக்காரர் வாயாலேயே கேட்க நேர்ந்ததால் திட்டம் உறுதிப்பட்டது என்றே நினைக்கிறேன். மூன்றே ஆண்டுகளில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களிடம் வசூலிக்க நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் முடிவெடுத்தபோது அதே பெவன் பதவி விலகினார். ஆனால் கட்சியை விட்டு விலகவில்லை.

விலகினால் என்ன ஆகும் என்பதை 1981 காட்டியது. ராய் ஜென்கின்ஸ் உள்ளிட்ட நால்வர் தொழிற்கட்சியிலிருந்து பிரிந்து சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். 1983 தேர்தலில் லிபரல்களோடு சேர்ந்து 25.4 சதவீத வாக்கு பெற்றும் கிடைத்தவை 23 இடங்கள். அவர்களைவிட ஏறத்தாழ இரண்டு சதவீதமே கூடுதலாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209. தொகுதியில் முந்தியவருக்கே வெற்றி என்ற முறை, பிரிந்துபோகிறவரை இப்படித்தான் தண்டிக்கிறது. ஆக, இந்த ஒற்றுமையில் பாதி கட்டாயம்.

பெரிய குறை, அதிகாரம் ஒரு பிரிவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது வாக்காளர் வெளியே நிற்பதுதான். 2019 செப்டம்பரில், ஒப்பந்தமில்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்ஸிட்டைத் தடுக்க வாக்களித்த 21 உறுப்பினர்களைப் பிரதமர் போரிஸ் ஜான்சன் கன்சர்வேட்டிவ் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார். 1970 முதல் உறுப்பினராக இருந்த கென்னத் கிளார்க், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ், அந்த ஜூலை வரை நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹாமண்ட் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பத்துப் பேர் பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டாலும், டிஸ்ரேலி மரபின் குரல் அன்று ஒடுங்கியது.

2022இல் நடந்தது அதைவிட மோசம். ஜான்சனுக்குப் பின் யார் என்ற போட்டியில், வாக்குரிமை பெற்ற சுமார் 1.7 லட்சம் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களில் 81,326 பேரின் வாக்கால் லிஸ் டிரஸ் பிரதமரானார். 2019இல் மக்கள் வாக்களித்த தேர்தல் அறிக்கையில் இல்லாத பெரும் வரிக்குறைப்பை அவரது அரசு அறிவித்தது. பவுண்டின் மதிப்பு சரிந்தது, வீட்டுக்கடன் வட்டி ஏறியது. கட்சிக்குள் ஒரு பிரிவு வென்றதற்கான விலையை, அந்தப் போட்டியில் வாக்கே இல்லாத குடும்பங்கள் கொடுத்தன.

பல குரல்கள் ஒரே கட்சியில் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை, அவற்றுக்கிடையே நடக்கும் பேரம் மறைவில் முடிவதுதான் குறை. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் தரும் முறை வந்தால், விரும்பியவர் மட்டும் சேர்ந்திருப்பார்கள், மற்றவர்கள் தனியே நின்று மக்களிடம் வாக்குக் கேட்பார்கள். அப்போது பேரமும் வெளியே தெரியும். 2010இல் கன்சர்வேட்டிவ்களும் லிபரல் ஜனநாயகவாதிகளும் கூட்டணி ஆட்சி அமைத்தபோது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது ஒப்பந்தமாக அச்சிடப்பட்டு வெளியானது. அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் யாரைக் கேள்வி கேட்பது என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.