நாற்பது ரம்பம்

அமெரிக்காவில் பழைய 'செயின் ஸா'க்களைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1950, 60-களில் வந்த மெக்கல்லக், ஹோம்லைட் சங்கிலி ரம்பங்கள் ஷெட் நிறைய. தபால்தலை சேர்க்கிற மாதிரிதானே என்று தோன்றும். இல்லை. தபால்தலைக்குப் பெட்ரோல் போட வேண்டாம்.

இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலை மிச்சம் வைத்துச் சும்மா விட்டால், சில மாதங்களில் அது கெட்டு கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலிருந்து ஈரத்தை வேறு குடிக்கும். அதனால் மூலையில் வைக்குமுன் டாங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். ஏர் ஃபில்டரைத் தட்டி, சங்கிலிக்கு எண்ணெய் பூசி... நாற்பது ரம்பத்துக்கும் இதைச் செய்கிறவர் எப்போது மரம் வெட்டுவார்? (மரங்களுக்கு நல்லதுதான்.)

மெக்கல்லக் கம்பெனியை நிறுவிய ராபர்ட் மெக்கல்லக்கும் ஒரு பழைய சாமான் வாங்கினார். 1968-ல், லண்டன் பாலத்தை! விலை 24,60,000 டாலர். கற்களுக்கு நம்பர் போட்டுக் கழற்றி, கப்பலேற்றி, அரிசோனாவில் தான் உருவாக்கிய லேக் ஹவாசு நகரில் கான்கிரீட் கூட்டின் மேல் பதித்து 1971-ல் திறந்தார். மனை விற்க ஆள் சேர்க்கும் தந்திரம்தான். இருந்தாலும் அதன்மேல் இன்றைக்கும் கார் ஓடுகிறது.

ஷெட்காரர்களிடம் ஒரே கேள்வி: கயிற்றை இழுத்தால் எத்தனை ஸ்டார்ட் ஆகும்?