மெழுகுதிரியும் வெண்கட்டியும்

விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்த மேடைப் பேச்சுக்களுள் நூல்வடிவில் இன்றும் படிக்கப்படுவன மிகச் சிலவே. அவற்றுள் இரண்டை ஒப்புநோக்குவது பயனுடைத்து. ஒன்று, 1860ஆம் ஆண்டு தொடங்கிய நத்தார் விடுமுறையில் இலண்டன் றோயல் நிறுவனத்தில் மைக்கேல் பரடே சிறுவர்க்கு ஆற்றிய மெழுகுதிரி பற்றிய ஆறு சொற்பொழிவுகள். மற்றது, 1868இல் நோர்விச் நகரத் தொழிலாளர் முன்னிலையில் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி வெண்கட்டித் துண்டொன்றைப் பற்றி நிகழ்த்திய உரை.

பரடே கொல்லன் ஒருவனின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1812இல் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு வாய்த்ததே வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டினாலேதான். ஆதலால், கேட்போனை மதிக்கும் பண்பு அவர் பேச்சில் இயல்பாக அமைந்தது. செய்துகாட்டாத எதனையும் நம்பும்படி அவர் கேட்டதில்லை. சுடரிலிருந்து நீர் பிறப்பதைக் காட்டினார். காபனீரொட்சைட்டைப் பிரித்துக் காட்டினார். ஈற்றில் மனிதனின் மூச்சும் ஒருவகை எரிதலே என நிறுவினார்.

எனினும் ஒரு குறை உண்டு. சுரங்கத் தொழிலாளி முன்னாளில் தன் திரியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும், இறாத்தலுக்கு அறுபது வரையிலான சிறு திரிகளை அவன் பயன்படுத்தினான் என்றும் முதற் சொற்பொழிவிலேயே அவர் குறிப்பிடுகிறார். சிறு சுடர் சுரங்கவாயுவைப் பற்றவைக்காது என்ற நம்பிக்கையும், செலவுச் சுருக்கமும் அதற்குக் காரணங்களாம். பின்னர் டேவி விளக்கு வந்தது என்று கூறி மேலே சென்றுவிடுகிறார். அவ்விளக்கு வந்தபின் அபாயம் மிகுந்த சுரங்கப் பகுதிகளிலும் தொழிலாளர் இறக்கப்பட்டனர், வெடிவிபத்துக்கள் ஒழிந்தபாடில்லை. கேட்டோர் சிறுவரே என்பது உண்மை. ஆயினும் இரசாயனத்தின் வரலாறு சொன்னவர், அந்தத் திரியை ஏந்திய கையின் வரலாற்றைச் சொல்லாது விட்டார்.

ஹக்ஸ்லி தச்சனின் காற்சட்டைப்பையிலிருக்கும் வெண்கட்டியிலிருந்தே தொடங்குகிறார். அத்திலாந்திக் கடலில் தந்திக்கம்பி இடுவதற்காக 1857இல் ஆழம் அளந்தபோது அள்ளிய சேற்றை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், வெண்கட்டியிற் காணும் அதே நுண்ணுயிர் ஓடுகள் தெரிகின்றன. இதிலிருந்து கடலடியின் நெடுங்காலப் படிவையும், உலகின் தொன்மையையும், உயிரினங்களின் மாற்றத்தையும் படிப்படியாகத் தருவிக்கிறார். வாணிபத் தேவை ஆய்வுக்கு வழி திறந்த விதம் இங்கு மறைக்கப்படவில்லை. வேதாகமக் காலக்கணக்கை அவர் இகழவில்லை. சான்றை உழைப்பாளியின் முன் வைத்துத் தீர்ப்பை அவனிடமே விடுகிறார்.

நம்மிடையே நிகழும் விஞ்ஞானப் பேச்சுக்கள் பல, அணுவின் பெருமையையும் விண்கலத்தின் வேகத்தையும் அடுக்கிக் கைதட்டல் பெறுவதோடு அமைகின்றன. வியப்பு மட்டும் ஊட்டப்பெற்றவன் பழைய மந்திரவாதியின் இடத்தில் புதியவன் ஒருவனை வைத்து வணங்குவான். சான்றைச் சோதிக்கும் முறையைப் பரடேயிடமும், கேட்போனின் தொழிலிலிருந்தே தொடங்கும் துணிவை ஹக்ஸ்லியிடமும் நம் பேச்சாளர் கற்கவேண்டும். அக்கண்டுபிடிப்பால் உழைத்தவன் பெற்றதென்ன, இழந்ததென்ன என்ற வினாவையும் அவர்கள் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.