கறுப்பு உடையும் நம் நகைப்பும்

2007-இல் வெளிவந்த 'ஸ்பைடர்மேன் 3' திரைப்படத்தில், விண்ணிலிருந்து வந்த கருநிற உயிரொன்று பீட்டர் பார்க்கரைப் பற்றிக்கொள்கிறது. அவனுள் உறங்கிய ஆணவம் விழிக்கிறது. இயக்குநர் சாம் ரைமியோ நம்மை அச்சுறுத்தவில்லை. நெற்றியில் முடி சரிய, நியூயார்க் வீதியில் இடுப்பசைத்து ஆடிவரும் டோபி மக்வயரைக் கண்டு நகைக்கவே வைக்கிறார். நாயகனின் இருளைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார் என்பது இரசிகருள் ஒரு சாராரின் குறை. கூச்சமுள்ள இளைஞன் தன்னைப் பேரழகனென்று எண்ணினால் இப்படித்தான் நடப்பான் என்பது மறுசாரார் வாதம்.

நாம் பின்னவர் பக்கமே நிற்கிறோம். தீமை எப்போதும் கோரமுகம் காட்டி வருவதில்லை. முதலில் அது வெறும் அசட்டுத்தனமாகவே தோன்றும். எதிர்ப்படும் பெண்கள் முகஞ்சுளிப்பதைக்கூட அவன் உணர்வதில்லை. அதே செருக்குடன் இசை விடுதியில் அவன் கைநீட்ட, மேரி ஜேன் அடிபட்டு வீழ்கிறாள். நம் சிரிப்பு உறைந்துபோகிறது. இத்தனை நேரம் எதைக் கண்டு சிரித்தோம் என்று நாமே வெட்குகிறோம்.

ஆயினும் ஒரு குறை உண்டு. சிரிப்புக்குத் தந்த நேரத்தைப் படம் மனவருத்தத்திற்குத் தரவில்லை. ஆலய மணிக்கூண்டில் அவன் அவ்வுடையைக் கிழித்தெறிகிறான். அதுவோ, கீழே அவனது சாவை வேண்டிச் செபித்த எடி பிராக்கின்மேல் விழுகிறது. நாம் களைந்த தீமை யார்மேல் விழுந்ததென்று பார்ப்பதும் மனமாற்றத்தின் பகுதியன்றோ?