கைமாற்றுக்கும் தகுதி வேண்டுமாம்: பிரிட்டனில் துணையை இழந்தவரின் கணக்கு

பிரிட்டனில் வறுமையில் இருப்பவர்களுக்கு அரசாங்கமே வட்டி இல்லாமல் கைமாற்று கொடுக்கிறது. பெயர் பட்ஜெட்டிங் லோன். குறைந்தது 100 பவுண்டு. தனியாள் என்றால் 348, ஜோடி என்றால் 464, குழந்தை இருந்தால் 812 பவுண்டு வரை. 104 வாரத்துக்குள் உதவித்தொகையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். எதற்கெல்லாம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு: வீட்டுச் சாமான், துணிமணி, வாடகை முன்பணம், பிரசவச் செலவு. ஈமச்செலவும் அதில் இருக்கிறது.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்த விதிகளுக்குள் இழுத்தது. ஏனென்றால் ஈமச்செலவுக்குக் கடன் தருகிற இதே திட்டம், துணையை இழந்தவர்களில் பலரைப் பல வருடங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

பணத்துக்கு என்ன பெயர்?

இந்தக் கடன் 1988-ல் சோஷியல் ஃபண்ட் என்ற ஏற்பாட்டோடு வந்தது. அதற்கு முன் ஏழைக் குடும்பம் கட்டிலோ அடுப்போ வாங்க மானியம் கிடைத்தது. அதில் பெரும்பகுதியை தாட்சர் அரசு கடனாக மாற்றியது. இன்றைய விதிப்படி இன்கம் சப்போர்ட், பென்ஷன் கிரெடிட், வருமானத்தைப் பார்த்துத் தரும் வேலையின்மை உதவி, அதே மாதிரி நோய்க்கால உதவி, இந்த நான்கில் ஒன்றை ஆறு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டுக்கு வாரம் மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதைவிட, வருகிற பணத்துக்கு என்ன பெயர் என்பதுதான் இங்கே முக்கியம்.

2016-17 கணக்கை எடுத்துக்கொள்வோம். கணவர் இறந்துவிட்டார், கைக்குழந்தை இருக்கிறது, வேலைக்குப் போக வழியில்லை. கணவர் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவின் பேரில் அந்தப் பெண்ணுக்கு 'விடோட் பேரண்ட்ஸ் அலவன்ஸ்' கிடைக்கும். முழுத் தொகை வாரம் 112.55 பவுண்டு. இன்கம் சப்போர்ட்டில் ஒரு பெரியவருக்கான தொகை வாரம் 73.10. அலவன்ஸில் 10 பவுண்டை மட்டும் விட்டுவிட்டு மீதி 102.55-ஐ வருமானமாக எண்ணுவார்கள். அது 73.10-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இன்கம் சப்போர்ட் பூஜ்யம். இன்கம் சப்போர்ட் இல்லை என்றால் கடனும் இல்லை.

பக்கத்து வீட்டில், கணவரைப் பிரிந்து வாழும் இன்னொரு தாய். அவருக்கும் கைக்குழந்தைதான். குழந்தைக்கான உதவித்தொகைகள் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அவர் 73.10 வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் வட்டியில்லாக் கடன் கேட்கலாம். முதல் பெண் கேட்க முடியாது.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் வாரம் 39.45 பவுண்டு. "அதான் கூட வருதே, அதுலேயே வாங்கிக்கட்டும்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 300 பவுண்டு மெஷினுக்கு, அந்த உபரியில் ஒரு பென்னிகூடத் தொடாமல் எட்டு வாரம் சேர்க்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டு வாரம் துணி துவைக்காமல் இருக்க முடியுமா? கடன் யாரையும் பணக்காரர் ஆக்குவதில்லை. எட்டு வாரம் கழித்து வரும் பணத்தை இன்றைக்குக் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரப்போகிற பணத்துக்கு எதற்கு இத்தனை கெடுபிடி? அலவன்ஸையும் அதே அரசாங்கம்தான் கொடுக்கிறது. அதில் பிடித்துக்கொள்ள என்ன சிரமம்?

எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. அந்த அலவன்ஸ் இனாம் இல்லை. இறந்தவர் உயிரோடு இருந்தபோது சம்பளத்தில் கட்டிய சந்தாவின் பலன். சந்தா கட்டியவரின் குடும்பத்துக்குக் கதவு மூடுகிறது என்றால், அந்தச் சந்தாவுக்கு என்ன மரியாதை?

2017-ல் பாதி சரி செய்தார்கள்

2017 ஏப்ரல் 6 முதல் நிகழ்ந்த மரணங்களுக்குப் புதிய விதி. பெயர் 'பிரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்'. குழந்தை இருந்தால் முதலில் 3,500 பவுண்டு, பிறகு மாதம் 350. இல்லாவிட்டால் 2,500, பிறகு மாதம் 100. மாதத் தொகையை மற்ற உதவிகளுக்கு வருமானமாக எண்ண மாட்டார்கள். முதல் தொகையையும் ஒரு வருடத்துக்குச் சேமிப்பாக எண்ண மாட்டார்கள். இது உண்மையான முன்னேற்றம், மறுப்பதற்கில்லை.

ஆனால் கூடவே காலத்தை வெட்டினார்கள். பழைய அலவன்ஸ், பிள்ளை படிப்பு முடித்து சைல்ட் பெனிஃபிட் நிற்கும்வரை வரும். புதியது 18 மாதம். அதோடு சரி.

கடன் வாசலும் முழுக்கத் திறக்கவில்லை. புதிய தொகை யாரையும் தடுக்காது, ஆனால் அது மட்டும் இருந்தால் யாரையும் உள்ளேயும் விடாது. இப்போது பெரும்பாலோருக்கு வழி யூனிவர்சல் கிரெடிட் வழியாக வரும் 'பட்ஜெட்டிங் அட்வான்ஸ்'. அதற்கும் பொதுவாக ஆறு மாதம் அந்த உதவியில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் தனியாள் சம்பாதித்தது 2,600 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். பகுதிநேர வேலையில் மாதம் 500 சம்பாதித்தால் மொத்தம் 3,000; முடிந்தது கதை. துணை இறந்த மறுவாரம் விண்ணப்பிப்பவர் அரை வருடம் காத்திருக்க வேண்டும். செலவுகள் எல்லாம் வந்து விழுவதே அந்த அரை வருடத்தில்தான்.

2017-க்கு முன் துணையை இழந்து இன்னும் பழைய அலவன்ஸ் வாங்குபவர்களுக்கு, யூனிவர்சல் கிரெடிட்டில் பவுண்டுக்குப் பவுண்டு கழிக்கிறார்கள். பழைய 10 பவுண்டு சலுகைகூட அங்கே இல்லை.

அப்போ எங்கே போவது?

தேடிப் படித்ததில், கடனுக்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிரீவ்மென்ட் தொகைக்கு மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முழுப் பணமும் வரும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும், குழந்தை இருந்தால், 2023 பிப்ரவரி முதல் இது உண்டு. விசாவில் பொது நிதி கிடையாது என்று போட்டிருப்பவர்களும் இதைக் கேட்கலாம். நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவின் பேரில் வருவதால் அது அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. யூனிவர்சல் கிரெடிட்டும் பட்ஜெட்டிங் அட்வான்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றாகிவிட்டால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும். இறந்தவர் வேலை பார்த்த இடத்தில் பணிக்கால மரணத் தொகை உண்டா என்று கேட்க வேண்டும். அவர் செய்த தொழிலுக்கென்று நல நிதி இருக்கலாம். 'டர்ன்டுஅஸ்' என்ற தொண்டு நிறுவனத்தின் தேடல் வசதியில் பார்க்கலாம். உள்ளூர் கவுன்சிலிலும் நெருக்கடி உதவி கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன்காரர்களை 60 நாள் தள்ளி நிற்கவைக்கும் 'பிரீத்திங் ஸ்பேஸ்' சட்டம் 2021 முதல் இருக்கிறது.

கடன்தான் வேண்டும் என்றால் கிரெடிட் யூனியன். அங்கே வட்டி உச்சவரம்பு மாதம் 3 சதவீதம். பேடே லோனில் உச்சவரம்பு நாளுக்கு 0.8 சதவீதம், அதாவது 30 நாளில் 24 சதவீதம். அரசின் வட்டியில்லாக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் உள்ள தூரம் இதுதான்.

இந்தப் பட்டியலை எழுதும்போதே எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆறேழு வாசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் இறந்த தேதி. துக்கத்தில் இருப்பவர் இத்தனை இடம் ஏறி இறங்க வேண்டியதில்லை. பிரீவ்மென்ட் தொகையையும் பழைய அலவன்ஸையும் கடனுக்கான தகுதிப் பட்டியலில் சேர்த்து, அவர்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பை எடுத்துவிட்டால் போதும். கொடுப்பது கடன், தவணையையும் அந்த உதவித்தொகையிலேயே பிடித்துக்கொள்ளலாம்.