வெறுங்கால் மேல் போட்ட பழி

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பேச்சுப் போட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். தலைப்பு ‘நாட்டுப்பற்று’. அதில் நான் கைதட்டல் வாங்கிய இடம் இதுதான்: “1950ல் நம் வீரர்கள் வெறுங்காலோடு ஆடுவோம் என்றார்கள். பூட்ஸ் போடாமல் உலகக் கோப்பைக்கு வரக்கூடாது என்றான் வெள்ளைக்காரன். மானமுள்ள நம் அணி போகவே இல்லை!” டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கு. சொன்னது தப்பு.

இதை இப்போ எழுதக் காரணம் அண்ணன் மகள். செந்துறையில் ஏழாவது படிக்கிறாள், ஃபுட்பால் ஆடுவாள். எங்க ஊர்ப் பக்கம் அதுவே அதிசயம். கபடி, வாலிபால், மிச்ச நேரம் எல்லாம் கிரிக்கெட். போன மாசம் ஒரு டீம் தேர்வில் ஷூ இல்லை என்று இவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழவெல்லாம் இல்லை. என்னிடம் கேட்டாள்: “சித்தப்பா, இந்தியாவையே ஷூ இல்லாததாலதான சேர்க்கல? அப்போ என்னைச் சேர்க்காததும் சரிதானே?”

பதில் சொல்ல முடியல. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். அதனால் உட்கார்ந்து பழைய ஆட்டக் கணக்கையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் 1950. பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது உண்மை. ஆனால் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல். பர்மா, பிலிப்பைன்ஸ் என்று நம் பிரிவில் இருந்த நாடுகள் விலகிக்கொள்ள, இடம் நமக்கு வந்து விழுந்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த குரூப்பில் நம்மையும் போட்டார்கள். பயணச் செலவில் பெரும்பங்கை பிரேசில்காரர்களே ஏற்கத் தயாராக இருந்தார்கள். அப்புறமும் நாம் போகவில்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அப்போது சொன்ன காரணம் அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்பது. வெறுங்கால் அந்தக் காரணத்தில் இல்லை. அந்தக் காலத்து பெரிய டிஃபெண்டர் சைலேன் மன்னா பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: உலகக் கோப்பை என்றால் என்னவென்றே அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை, எங்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் எல்லாம் என்று.

நம்பாதவர்களுக்கு ஒரு எளிய கேள்வி. பூட்ஸ் இல்லாததால் 1950ல் தடை என்றால், 1952ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு எப்படி இறங்கினார்கள்? இறங்கினார்கள், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் நம் சம்மேளனமே பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அதாவது பூட்ஸ் சட்டம் போட்டது நம்மூர் ஆபீஸ், 1950க்குப் பின்னால்.

வெறுங்கால் என்பது கற்பனை இல்லை, அதையும் சொல்லணும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய நம் அணியில் பெரும்பாலானோர் வெறுங்கால்தான். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அன்று விழுந்தது. போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன். 89வது நிமிஷம் வரை 1-1. அப்புறம்தான் பிரான்ஸ் ரெண்டாவது கோல் போட்டது. நடுவில் கிடைத்த ரெண்டு பெனால்டியையும் நாம் விட்டோம், அதில் ஒன்று மேலே சொன்ன மன்னா அடித்தது. வெறுங்காலோடு பிரான்ஸை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்த ஆட்கள் இவர்கள். இவர்கள் காலைக் காட்டித்தான் ரெண்டு வருஷம் கழித்துப் போகாமல் இருந்ததற்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஒரு அலுவலகம் எடுத்த முடிவின் பழி பதினோரு பேர் பாதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் புகழ்ச்சி மாதிரி உட்கார்ந்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்த கதை ‘பொற்காலம்’. 2024ல் வந்த ‘மைதான்’ ஹிந்திப் படத்தைப் பார்த்திருப்பீங்க. அஜய் தேவ்கன், பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமாக நடித்தது. இசை நம்ம ரஹ்மான். 1952 தோல்வியில் தொடங்கி 1962 ஜகார்த்தா தங்கத்தில் முடிகிறது. கடைசி அரை மணி நேரம் நானும் நாற்காலி நுனியில்தான் இருந்தேன், மறைக்கவில்லை. ஆனாலும் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. சம்மேளனத்தில் ரெண்டு மூணு கெட்டவர்கள், ஒரு கெட்ட பத்திரிகைக்காரர், நடுவில் ஒரு நல்லவர் என்று வைத்துவிட்டார்கள். கெட்டவன் தோற்றால் கதை முடிந்தது. நிஜத்தில் நடந்தது அதைவிட மோசம், அதில் வில்லன்கூட கிடையாது. சொல்கிறேன்.

அதற்கு முன் பொற்காலத்தின் கணக்கைப் பார்ப்போம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 11 அணிகள். முதல் சுற்றில் நமக்கு ஹங்கேரி. அவர்கள் விலகியதால் ஆடாமலே மேலே போனோம். அடுத்து ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தோம், நெவில் டி’சூசா ஹாட்ரிக். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4, மூன்றாம் இடத்துக்கு பல்கேரியாவிடம் 0-3. ஆடியது 3, ஜெயித்தது 1, போட்டது 5, வாங்கியது 9. நான்காம் இடம் என்பது இவ்வளவுதான்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் எனக்கு அந்த நான்காம் இடத்தைவிட, அந்த யூகோஸ்லாவியா ஆட்டத்தின் நடுப்பகுதிதான் பெரிய விஷயம். ரெண்டாம் பாதியில் முதல் கோல் போட்டது நாம். டி’சூசா. நான்கு வருஷம் முன்னால் பத்து கோல் போட்ட அதே நாட்டுக்கு எதிராகச் சில நிமிஷம் இந்தியா முன்னிலையில் இருந்தது. ரஹீம் என்ன வேலை செய்தார் என்பதற்கு இதுதான் சாட்சி. இடவரிசை பொய் சொல்லும், இது சொல்லாது. 1960 ரோமும் அப்படித்தான். ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸோடு 1-1, பெருவிடம் 1-3. முதல் சுற்றிலேயே வெளியே. யாரும் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால் 1956ஐவிட இதுதான் கனமான ஆட்டம். அந்த அணியில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், முன்வரிசையில் சைமன் சுந்தரராஜ். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்காக ஆடி 1955லும் 1958லும் டூராண்டு கோப்பை வாங்கியவர். 1967ல் அர்ஜுனா விருது. எங்க ஊர் டீக்கடையில் இந்த ரெண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியல. ரொனால்டோவின் பழைய கிளப் எல்லாம் வரிசையாகச் சொன்னார்கள்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி உண்மையான தங்கம், அதில் கழிக்க எதுவும் இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2, இறுதியில் அதே தென் கொரியாவை 2-1. தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்ட டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்குத் தள்ளினார். அந்த ஆள் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டார். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய நிர்வாகி ஒருவர் கேள்வி கேட்டதால் மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூனில் இறந்துவிட்டார்.

இப்போ அந்த வில்லன் இல்லாத விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு நல்ல அணி 1958 உலகக் கோப்பைக்கு ஏன் தகுதி பெறவில்லை? 1962க்கு? 1966க்கு? நான் தோற்றிருப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். நாம் கலந்துகொள்ளவே இல்லை. 1950ல் இடத்தை விட்ட பிறகு, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் என்று ஒன்றை இந்தியா முதன்முதலில் ஆடியது 1985ல். முப்பத்தைந்து வருஷம்!

பக்கத்தில் யார் போனார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். 1962 உலகக் கோப்பைக்கு ஆசியாவில் தென் கொரியா ஜப்பானை ஜெயித்து, யூகோஸ்லாவியாவோடு மோதித் தோற்றது. அந்தக் கொரியா, அந்த ஜப்பான் ரெண்டையும் நாம் ஜகார்த்தாவில் ஜெயித்தோம். 1966க்கு வட கொரியா தாண்ட வேண்டியிருந்தது ஆஸ்திரேலியாவை மட்டும்தான், ரெண்டு ஆட்டம். தாண்டி இங்கிலாந்து போய் இத்தாலியை 1-0 என்று ஜெயித்தார்கள். 1964 ஆசியக் கோப்பையில் ரெண்டாம் இடம் வந்திருந்த நாம் ஊரில் இருந்தோம். (அந்த ரெண்டாம் இடமும் நாலே அணி ஆடிய போட்டி, நம் பிரிவில் மற்றவர்கள் விலகியதால்தான் அங்கேயே போனோம். ஆனாலும் தென் கொரியாவை 2-0 என்று ஜெயித்தது ஜெயித்ததுதான்.)

ஆப்பிரிக்காவைப் பாருங்க. கானா சுதந்திரம் வாங்கியது 1957ல், நமக்குப் பத்து வருஷம் பின்னால். 1963லும் 1965லும் ஆப்பிரிக்கக் கோப்பை அவர்களுக்கு. 1966 உலகக் கோப்பையில் 16 இடம். அதில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம் என்றது ஃபிஃபா. இது அநியாயம் என்று கானாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஓஹெனே ஜான் முன்னால் நின்றார், ஆப்பிரிக்க நாடுகள் மொத்தமாகப் புறக்கணித்தன. 1970ல் ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் கிடைத்தது, மொராக்கோ போனது. கானாவுக்கு முதல் உலகக் கோப்பை 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010ல் காலிறுதியில் உருகுவேயிடம் பெனால்டியில் தோற்றார்கள். அவர்களும் 1966ல் போகவில்லை, நாமும் போகவில்லை. அவர்கள் போகாததற்கு ஒரு கோரிக்கை இருந்தது. நாம் போகாததற்கு ஒரு விண்ணப்பத்தாள்கூட இல்லை.

அதற்குப் பிந்தைய கதை நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1996 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் 94, அதுதான் இதுவரை உச்சம். 2015 மார்ச்சில் 173. 2012 நேரு கோப்பை இறுதியில் கேமரூனை பெனால்டியில் ஜெயித்தோம் என்று அப்போ நானே போஸ்ட் போட்டேன். வந்தது கேமரூனின் ரெண்டாம் கட்ட அணி. சுனில் சேத்ரி தனி ஆளாக 90க்கும் மேல் கோல் போட்டார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

இந்த வரலாற்றில் மகளிர் அணி எங்கேயும் வரவில்லை, கவனிச்சீங்களா? நானும் இதுவரை எழுதவில்லை. பழக்கம். 1980ல் கோழிக்கோட்டிலும் 1983ல் பாங்காக்கிலும் மகளிர் ஆசியக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றி மேடையில் பேசி யாரும் டம்ளர் வாங்கியதில்லை. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாகவே போனார்கள். ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன். அந்த 2018 அணியின் இந்துமதி கதிரேசன் நமக்குப் பக்கத்துக் கடலூர்க்காரர், தமிழ்நாடு போலீஸில் வேலை.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். ரஹீம், ஜர்னைல் சிங் தையல் எல்லாம் ஆர்வமாகக் கேட்டாள். 1950 வந்ததும் நிறுத்தினாள்.

“அப்போ ஷூ காரணம் இல்லையா?”

“இல்லம்மா.”

“நீங்கதான சித்தப்பா சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்.”

“முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடலையா? ஏன்?”

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அரியலூர் போய் ஸ்டட் வைத்த ஷூ ஒன்று வாங்கிட்டு வந்தார். ஒரு சைஸ் பெருசு, வளர்ற பிள்ளை என்று. முன்னால் பழைய துணியை அடைத்துக்கொண்டு ஆடுகிறாள். வெறுங்காலில்தான் பந்து சொன்ன பேச்சு கேட்குது என்று இப்போதைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.