வட்டம் திரும்பியது, விரல்?

1959 மினியில் வேகமானி டேஷ்போர்டின் நடுவே இருந்தது. அழகுக்காக அல்ல, ஸ்டியரிங் இடமோ வலமோ, ஒரே டேஷ்போர்டு போதும் என்ற சிக்கனம். பிஎம்டபிள்யூவின் 2001 மினி அதைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாக்கியது. 2014இல் வேகமானி ஸ்டியரிங்குக்குப் பின்னால் போனது, நடுவட்டம் வெறும் திரைச்சட்டம் ஆனது. பழைய மினிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 2024 கூப்பரில் 24 சென்டிமீட்டர் வட்டத் தொடுதிரை. வேகம் மறுபடியும் நடுவில். ஒரு சாரார் கொண்டாட, இன்னொரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். நான் ரெண்டாவது கட்சி. கியருக்கும் ஸ்டார்ட்டுக்கும் சுவிட்ச் விட்டு வச்சிருக்காங்க, சரி. ஆனா ஏசியைக் குறைக்கத் திரையைத்தானே தொடணும்? ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காம விரலே தேடிப் பிடிச்ச சுவிட்சும் மினிதான். அதை யாரும் மரபுக் கணக்கில் சேர்க்கலையே!