ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தை ஜனவரியிலேயே பார்க்கத் தொடங்குங்கள்

பாரிஸில் 2024 ஆகஸ்ட் 3 அன்று நடந்த ஆண்கள் சாலை சைக்கிள் பந்தயத்தின் தூரம் 273 கிலோமீட்டர். முடிய ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்று மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தவருக்கு, பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் எல்லாரையும் உதறிவிட்டுத் தனியாக வந்து ஈஃபில் கோபுரத்தின் எதிரே ஜெயித்தார் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். உண்மையில் அது கடைசி அத்தியாயம்தான். முதல் அத்தியாயம் வருஷத் தொடக்கத்தில், எந்த வீரர் எந்தெந்தப் பந்தயத்தை ஓட்டப் போகிறார், எதை விடப் போகிறார் என்ற அறிவிப்பில் இருக்கிறது. பலரும் புரட்டிவிட்டுப் போகும் அந்தச் சின்னச் செய்தியில்தான் எனக்கு ருசி அதிகம்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம், நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள், நடுவே இரண்டே ஓய்வு நாள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். ஒலிம்பிக் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறது. 2024இல் டூர் ஜூலை 21 அன்று முடிந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் ஒலிம்பிக் டைம் ட்ரையல் ஜூலை 27. டோக்கியோவுக்கு இன்னும் மோசம்: 2021 ஜூலை 18 அன்று பாரிஸில் டூர் முடித்தவர், விமானம் ஏறி, தூக்க நேரம் தலைகீழாகி, 24ஆம் தேதி ஜப்பானில் 234 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்ட வேண்டும்.

இதில் முதலாளி யார் என்பதையும் மறக்கக் கூடாது. ஐபிஎல் அணிதான் வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறது, இந்தியச் சட்டை எப்போதாவதுதான் போடக் கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சைக்கிள் வீரர்களின் நிலைமை அதுதான். சம்பளம் தரும் அணிக்கு டூர்தான் உயிர். ஒலிம்பிக்கில் விளம்பரதாரர் பெயர் போட்ட அணிச் சட்டைக்கு இடமே இல்லை. ஆகவே, “ஒலிம்பிக்குக்காக டூரை விடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட பேரம் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டூர் ஓட்டினால் நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். மூன்று வாரம் தினமும் போட்டி போட்ட கால்களுக்கு வரும் வேகம் எந்தப் பயிற்சியிலும் வராது. அதே மூன்று வாரம் உடம்பைப் பிழிந்தும் போட்டுவிடும். டோக்கியோவில் தங்கம் வென்ற ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் அந்த டூரில் மூன்றாம் இடம். வெள்ளி வென்ற வூட் வான் ஆர்ட் அதில் மூன்று கட்டங்களை ஜெயித்தவர். வெண்கலம் வென்ற போகாச்சார் டூரையே ஜெயித்தவர். இதை வைத்து ‘டூர் ஓட்டியவனுக்கே பதக்கம்’ என்று சூத்திரம் எழுதப் போனால், நான்கு நாளில் அதே ஒலிம்பிக் அதைக் கிழித்துப் போட்டது. டைம் ட்ரையலில் தங்கம் வென்ற ப்ரிமோஷ் ரோக்லிச், விழுந்து அடிபட்டு டூரின் முதல் வாரத்தோடு விலகியவர். வெள்ளி வென்ற டாம் டுமுலான் டூர் பக்கமே போகவில்லை. அந்த ஜனவரியில் சைக்கிளே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டு ஜூனில்தான் பந்தயத்துக்குத் திரும்பியிருந்தார்.

நடுவில் இறங்கிக்கொள்கிறவர்கள் தனி ரகம். 2016இல் மார்க் கேவண்டிஷ் நான்கு கட்டங்களை வென்ற கையோடு இரண்டாவது ஓய்வு நாளில் டூரை விட்டு ரியோ ஒலிம்பிக்கில் வெலோட்ரோம் என்ற வட்டப் பாதையில் நடக்கும் பந்தயங்களுக்கான பயிற்சிக்குப் போனார். ஆம்னியம் என்ற பல பந்தயப் போட்டியில் வெள்ளி வந்தது. 2021இல் மத்தியூ வான் டெர் பூல், டூரில் முன்னிலை வகிப்பவர் போடும் மஞ்சள் சட்டையில் ஆறு நாள் இருந்துவிட்டு, எட்டாம் கட்டத்தோடு விடைபெற்றார், டோக்கியோ மவுண்டன் பைக் பந்தயத்துக்காக. அங்கே ஒரு பாறைச் சரிவில் சறுக்குப் பலகை இருக்கும் என்று நம்பி இறங்கினார், பலகை எடுக்கப்பட்டிருந்தது. குப்புற விழுந்தார். மாதக்கணக்கில் போட்ட கணக்குக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு.

எனவே அடுத்த ஒலிம்பிக் வருஷத்தில் டூர் பார்க்கும்போது மஞ்சள் சட்டையை மட்டும் பார்க்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் கண்ணைப் பின்னால் கொண்டுபோங்கள். மலை ஏறும் நாளில், நேற்றுவரை முன்னால் நின்ற ஒருவர் கடைசிக் கும்பலோடு பேசிக்கொண்டே ஏறுகிறாரா? அவர் சோர்ந்திருக்கலாம், ஒலிம்பிக்குக்காகத் தெம்பைச் சேமிக்கவும் செய்யலாம். ஓய்வு நாளில் யார் பெட்டி கட்டுகிறார்கள், காய்ச்சல் என்று யார் சொல்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியதே. 2024இல் டாம் பிட்காக் கோவிட்டால் டூரின் நடுவில் விலகினார்; ஜூலை 29 அன்று மவுண்டன் பைக்கில் தங்கம் வென்றார்.

அந்த வருஷம் இந்த ஆட்டத்துக்கு நல்ல பாடப்புத்தகம். வான் ஆர்ட் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவை ஓட்டி, டூரைத் தவிர்த்து, புத்துணர்வோடு பாரிஸுக்குப் போகத் திட்டமிட்டிருந்தார். மார்ச் 27 அன்று ஒரு பெல்ஜியப் பந்தயத்தில் விழுந்து கழுத்துப் பட்டை எலும்பும் விலா எலும்புகளும் முறிய, திட்டம் தலைகீழானது: ஜிரோ போயிற்று, டூர் வந்தது. டைம் ட்ரையலில் வெண்கலம் வென்றார். அவர் போட்டிருந்த பாதையிலேயே போன இத்தாலிக்காரர் பிலிப்போ கன்னா, ஜிரோ ஓட்டி டூரை விட்டவர், அதே டைம் ட்ரையலில் வெள்ளி வென்றார். போகாச்சார் ஜிரோ, டூர் இரண்டையும் ஜெயித்துவிட்டு, களைத்துவிட்டேன் என்று ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். அதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் உடம்பின் கணக்கை ஒளிக்காமல் சொன்னவர் அவர். எவனபூலோ ஏப்ரலில் எலும்பு முறிந்து, டூரில் மூன்றாம் இடம் பிடித்து, ஆறே நாளில் டைம் ட்ரையல் தங்கம், மறுவாரம் சாலைப் பந்தயத் தங்கம் என்று இரண்டையும் எடுத்தார். ஒரே ஒலிம்பிக்கில் இதைச் செய்த முதல் ஆண் அவர்.

பந்தய நாளிலும் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. டூரில் அணிக்கு எட்டுப் பேர், காதில் ரேடியோ. பாரிஸில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர், ரேடியோ கிடையாது. முடிய சுமார் 4 கிலோமீட்டர் இருக்கையில் டயர் பஞ்சராகி எவனபூல் சைக்கிள் மாற்றினாரே, அப்போது பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் என்று கை ஆட்டிக் கேட்டாரே, அந்தப் பதற்றத்தின் காரணம் இதுதான். அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் முன்னிலை இருந்தது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

பெண்களுக்கு 2024இல் இந்தச் சங்கடம் குறைவு: அவர்களின் டூரையே ஒலிம்பிக்குக்குப் பின்னால், ஆகஸ்ட் 12க்குத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் தேர்வின் விளையாட்டு அங்கேயும் உண்டு. அமெரிக்காவின் டெய்லர் நிப் டிரையத்லானில் கவனம் செலுத்தச் சாலைப் பந்தய இடத்தை விட்டுக்கொடுத்தார். மாற்றாக வந்த கிறிஸ்டன் ஃபாக்னர் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14 அன்று தொடங்குகிறது. டூர் வழக்கமாக நடக்கும் வாரங்களின் நட்டநடுவில் விழும் தேதி இது. டூர் எந்தத் தேதிக்கு நகர்ந்தாலும் நடுவில் அட்லாண்டிக் கடல் இருக்கிறது, ஒன்பது மணி நேர வித்தியாசம் இருக்கிறது. அந்த ஜனவரியில் வரும் அறிவிப்புகளில் டூரை விடுகிறவர் யார், ஜிரோவுக்கு மாறுகிறவர் யார், இன்னும் முடிவு செய்யவில்லை என்று மழுப்புகிறவர் யார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மழுப்புகிறவர்மேல் கூடுதலாக ஒரு கண் இருக்கட்டும்.